கருங்குழிக்கு அந்தப்பக்கம் உறைபனி

வெளிநாட்டுக்குப் போய்வந்தவர்கள்தான் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் போனது மாமல்லபுரத்திலிருந்து எங்கள் ஊருக்கு. கருங்குழியில் இறங்கி இன்னும் உள்ளே தள்ளிப் போக வேண்டிய ஊர். இதையெல்லாமா பயணம் என்று எழுதுவது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வெளிநாட்டுக்குப் போகவில்லை. வெளிநாடு என்னோடு பஸ்ஸில் வந்தது. அதற்கு அறுபத்து மூன்று வயது. முதுகில் ஒரு பை, பைக்குள் கம்பளிக் குல்லாய், கையுறை, ஒரு வெப்பமானி.

தை மாதம் செங்கல்பட்டு மாவட்டத்துக்குக் கம்பளிக் கையுறையோடு ஒருவர் வருகிறார் என்றால் யாரோ அவரை ஏமாற்றியிருக்க வேண்டும். ஏமாற்றியவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை, தமிழை நம்பிச் செய்துவிட்டேன்.

மாமல்லபுரத்தில், கடலுக்கு நான்கு தெரு தள்ளி நின்றுகொண்டு 'பீச் ரிசார்ட்' என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் எட்டு அறை விடுதி ஒன்றில் எனக்கு வேலை. முதலாளி கஜேந்திரன். முன்பு கல் பிள்ளையார் விற்றவர். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றால் கடல் தெரியும், அதனால் 'சீ வியூ' என்று போட்டதும் பொய்யில்லை என்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். அதற்கு மேல் செங்கல்பட்டில் ஆங்கில இலக்கியமும் படித்துத் தொலைத்தேன். ஆகவே 'குளியலறையில் துணி துவைக்காதீர்' என்ற அட்டையிலிருந்து இணையப் பக்கம் வரை விடுதியின் ஆங்கிலம் முழுக்க என் பொறுப்பு.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் முதலாளி, "தம்பி, எல்லாவனும் கடலயே வித்துகினு கீறான். நாம வேற இன்னாத்தனா விக்கணும்" என்றார். நான் எங்கள் ஊர் ஏரியைப் பற்றிச் சொன்னேன். மார்கழி, தையில் விடியற்காலையில் கரையெல்லாம் பனி கொட்டும், பார்க்க நன்றாக இருக்கும் என்றேன். "எழுதிப் போடு" என்றார்.

'பனி படர்ந்த ஏரிக்கரையில் சூரியோதயம். தனிமையும் அழகும் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.' தமிழில் அழகாகத்தான் வந்தது. ஆங்கிலத்தில் போடும்போதுதான் பனிக்கு என்ன என்று அகராதியைப் புரட்டினேன். டியூ, மிஸ்ட், ஃபாக், ஃப்ராஸ்ட், ஸ்னோ என்று வரிசையாக ஐந்து இருந்தன. எங்கள் பக்கம் டியூ என்றால் பைக்குக்கு மாசாமாசம் கட்டுவது. மிஸ்ட், சென்ட் பாட்டிலில் இருக்கிறது. ஃபாக் என்றால் கொசு மருந்து. ஸ்னோ முகத்துக்குப் பூசுவது. மிச்சம் இருந்தது ஃப்ராஸ்ட். சொல்லும்போது வாயில் ஒரு கம்பீரம் இருந்தது. அதைப் போட்டேன்.

இதுதான் நடந்தது. இனி மூன்று நாள்.

முதல் நாள்

பகல் பன்னிரண்டு மணிக்கு ஆட்டோவிலிருந்து இறங்கினார் இங்க்ரிட். நார்வேயில் ஒரு கடலோரக் கிராமம். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூட்டுவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளக் கேரளா வந்த இடத்தில் எங்கள் இணையப் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். ரயிலேறி இந்தப்பக்கம் வந்துவிட்டார்.

மதியத்துக்குச் சங்கரா மீன் வறுவல். முள்ளை மட்டும் சீப்பு மாதிரி தட்டில் மிச்சம் வைத்தார். சமையல்கார அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "இது மீன் துன்னு வளந்த கை" என்று மெச்சினார். கை கழுவிக்கொண்டு வந்த இங்க்ரிட் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "உறைபனி எத்தனை மணிக்கு விழும்?"

"ஐந்து" என்றேன். நேர்முகத் தேர்வில் பதில் தெரியாவிட்டாலும் தயங்காமல் சொல்ல வேண்டும் என்று படித்தவன் நான்.

அவர் கைப்பேசியில் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரியைக் காட்டினார். புல்லின் ஒவ்வொரு இழையிலும் வெள்ளை வெள்ளையாக முள். இலையின் ஓரமெல்லாம் சர்க்கரை. ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் ஐஸ்கிரீம் டப்பாவின்மேல் படிந்திருக்குமே, அது ஊர் முழுக்கப் படிந்திருந்தது. எனக்குக் குப்பென்று வேர்த்தது. உறைபனியைப் பார்த்து வேர்த்தவன் அனேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில், கடல் மட்டத்தில், இது நடக்கவே முடியாது என்கிறான் என் தம்பி. பந்தயம் கட்டியிருக்கிறோம். அவன் புத்தகத்தை நம்புகிறான். நான் அந்த ஊர்க்காரரை நம்புகிறேன்" என்றார். அந்த ஊர்க்காரன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான்.

முதலாளி என்னை வரவேற்பு மேசைக்குப் பின்னால் இழுத்தார். "இந்தம்மாதான் ஏரிக்கு மொத கஸ்டமர். அஞ்சு ஸ்டாரு போட்டுச்சுனா நீ பர்மனென்ட்டு. நாலுன்னா பேசிக்கலாம். அதுக்குக் கீழ எறங்குச்சுனா நீ வூட்டப் பாக்கப் போலாம்."

இதில் ஒரு சங்கடம் இருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, "பர்மனென்ட்டு ஆயிட்டியாடா?" என்று அம்மா கேட்டார். "ஆன மாதிரிதான்" என்றேன். அம்மாவின் காதில் முதல் சொல் மட்டும் விழுந்தது. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். நாற்பது பெண்கள் சேர்ந்து ஏரியில் மண் வெட்டுகிற இடத்தில் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டால் அப்புறம் அதைத் திரும்ப வாங்க முடியாது.

சாயங்காலம் கடற்கரையில் சாதிக்கைப் பிடித்தேன். சாதிக் என் அறைத்தோழன். கடலோரக் குப்பங்களில் படகு வரும் இடத்துக்கெல்லாம் குட்டியானை வண்டியில் ஐஸ் கொண்டுபோய்ப் போடுகிறவன். நான் அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கடலையை உடைத்துத் தின்றுகொண்டே கேட்டான்.

"இவ்ளோதானா? ஐஸ நைசா அரச்சி ரெண்டு பொட்டி கொண்டாரேன். புல்லு மேல தூவி வுட்டா முடிஞ்சிது. வெள்ளக்காரம்மா போட்டோ புடிக்கும், போய்டும்."

"அது ஏமாத்து வேலடா."

"நெம்மேலில கடல்தண்ணிய குடிக்கிற தண்ணியா மாத்துறான். எவனாச்சும் அத டூப்புன்னு சொல்றானா? நாம தண்ணிய பனியா மாத்துறோம் மச்சான். சயின்ஸு."

"வேணாம்" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

இரண்டாம் நாள்

விடுதியின் கார் பழுது பார்க்கப் போயிருக்கிறது என்றார் முதலாளி. அது அவருடைய மச்சினன் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தது எனக்குத் தெரியும். பஸ்ஸில் போவது இங்க்ரிட்டுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நின்றுகொண்டே போக வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. "எங்கள் ஊரில் பஸ்ஸில் ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார மாட்டார். இவ்வளவு நெருக்கமாக நின்றால் கல்யாணம் ஆகிவிட்டது என்று அர்த்தம்" என்றார். அப்போது அவரை ஒட்டி நின்றவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் கையில் சேவல்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் டயர் வெடித்தது. மொத்தப் பஸ்ஸும் புளியமர நிழலில் இறங்கி நின்றது. கண்டக்டர், "இன்னொரு வண்டி பின்னால வருது" என்றார். எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்கவில்லை; நாங்கள் அனுபவசாலிகள். இங்க்ரிட் மட்டும் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். கண்டக்டர் அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, "புதுசா?" என்றார்.

கூடையில் கொய்யாவோடு நின்ற அக்கா ஒருவர் பழத்தைக் கீறி மிளகாய்ப்பொடி தடவி இங்க்ரிட் கையில் கொடுத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார். "இவங்களுக்கு எத்தினி புள்ளைங்க?"

"இல்ல."

"வூட்டுக்காரரு?"

"இல்லியாம்."

"அய்ய. அப்ப யார் கூடதான் சண்ட போடுவாங்களாம்?"

மொழிபெயர்த்தேன். இங்க்ரிட் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தம்பியோடு" என்றார். அக்காவுக்குத் திருப்தி. தம்பி எந்த ஊர், என்ன வேலை, அவன் பெண்டாட்டி எப்படி என்று அடுத்த வண்டி வரும்வரை போனது. நார்வேயில் முப்பது வருடம் பக்கத்து வீட்டில் இருப்பவருக்கும் இவ்வளவு தெரியாதாம்.

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே நாஸ்தா. பூரியை மேலே குத்தி ஆவியை வெளியேற்றிய இங்க்ரிட், உள்ளே ஒன்றுமில்லை என்று கண்டு என்னிடம் நியாயம் கேட்டார். அதே நேரத்தில் முதலாளியிடமிருந்து போன்.

"அந்தம்மா மூஞ்சி எப்டி கீது?"

"நல்லா கீதுண்ணா. பூரி சாப்புடறாங்க."

"தம்பி, மெட்ராஸ்லேர்ந்து ஒரு குடும்பம் கேட்டுகினே கீறாங்க, எட்டு பேரு. மணாலிக்குப் போறதா இருந்தாங்களாம், இங்கயே ஃப்ராஸ்டு கீதாமேன்னு கேக்கறாங்க. இந்தம்மா இன்னா எழுதுதுன்னு பாத்துட்டு சொல்றேன்னுட்டாங்க. சொதப்பிடாத."

போனை வைத்தேன். எதிரே அவர் இரண்டாவது பூரியைக் குத்திக்கொண்டிருந்தார். அம்மாவை நினைத்தேன்; அம்மாவோடு மண் வெட்டும் நாற்பது பேரையும் நினைத்தேன். மேசைக்கு அடியில் வைத்து சாதிக்குக்கு 'சரி' என்று செய்தி அனுப்பினேன். அவன் 'எங்க?' என்று கேட்டான். 'தெற்குக் கரை, மதகுக்குப் பக்கம்' என்று அடித்தேன். இவ்வளவையும் செய்தது நான்தான். இதில் தமிழுக்குப் பங்கில்லை.

கருங்குழியிலிருந்து ஷேர் ஆட்டோ. ஒன்பது பேர், டிரைவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர். இறங்கும்போது இங்க்ரிட்டின் ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது. ஆட்டோ ஊர்க் கடைசிவரை போய்த் திரும்பி வரும்போது டிரைவர் அதை ஓடும் வண்டியிலிருந்தே எறிந்துவிட்டுப் போனார். சரியாகக் காலடியில் விழுந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், அரசுத் திட்டத்தில் கட்டிய கழிப்பறை ஒன்று இருக்கிறது. சுவரில் நல்ல நீல நிறம். தண்ணீர் வராததால் உள்ளே விறகும் பழைய சைக்கிளும் குடியிருந்தன. விருந்தாளி வருகிறார் என்று நான் போன் செய்ததும் அம்மா விறகை வெளியேற்றி, தெருக்குழாயிலிருந்து எட்டுக் குடம் சுமந்து டிரம்மை நிரப்பி வைத்திருந்தார். அதைக் கட்டி முடித்தவுடன் வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்துப்போனார்கள். முதலில் பயன்படுத்தியது நார்வே.

"இவன் எனக்கு ஒரே புள்ள. பர்மனென்ட்டு ஆயிட்டான்" என்று அம்மா அவரிடம் சொன்னார். அதில் ஒரு சொல் ஆங்கிலமாக இருந்துவிட்டதால் இங்க்ரிட்டுக்குப் புரிந்து, எனக்குக் கைகொடுத்தார். நான் குலுக்கினேன்.

கருவாட்டுக் குழம்பை அவர் மூன்று முறை ஊற்றிக்கொண்டார். அவர் அப்பாவும் மீன் பிடித்தவராம். வீட்டுக் கொடியில் துணிக்குப் பதில் மீன்தான் காயுமாம். அம்மா, "பாத்தியா, நம்மள மாதிரிதான்" என்றார். பிறகு இங்க்ரிட், தம்பிக்கு அனுப்புவதற்காகக் கைப்பேசியை நீட்டி, "உன் அம்மாவிடம் கேள், ஏரிக்கரையில் காலையில் உறைபனி இருக்குமா?" என்றார்.

"ஏரிக்கரைல காலைல பனி கீதான்னு கேக்கறாங்கம்மா."

"பனியா? கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. குல்லா போட்டுக்கச் சொல்லு, மண்டைல எறங்கிடும்."

மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லைக் கூட்டவில்லை, ஒரு சொல்லைக் குறைக்கவில்லை. அவ்வளவு நேர்மையாக நான் அதுவரை பொய் சொன்னதில்லை. இங்க்ரிட் பைக்குள்ளிருந்து குல்லாயை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள்

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் யாரும் ஏரியைப் பார்ப்பதற்காக ஏரிக்குப் போவதில்லை. 'ஏரிக்குப் போய்ட்டு வரேன்' என்று ஒருவர் கையில் தண்ணீர் பாட்டிலோடு சொன்னால் மேற்கொண்டு கேட்கக் கூடாது. பெண்கள் வெளிச்சம் வருவதற்குள் வடக்குப் பக்கம் போய்த் திரும்பிவிட வேண்டும். ஆண்களுக்கு விடிந்த பிறகும் உரிமை உண்டு, மேற்குப் பக்கம், வேலமரங்களுக்கு நடுவே. ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே பத்தடி இடைவெளி, எல்லோர் முகமும் தண்ணீரைப் பார்த்து, பேச்சே கிடையாது. இணையப் பக்கத்தில் தனிமை என்று நான் எழுதியபோது மனதில் இருந்தது அதுதான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். வேறு எந்தத் தனிமை எங்கள் ஊரில் இருக்கிறது?

அதனால்தான் சாதிக்கிடம் தெற்கு என்று குறிப்பாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அவன் கடலோரத்துக்காரன். கடலைக் கிழக்கே வைத்துத்தான் அவனுக்குத் திசை தெரியும். இருட்டில் வந்தவன் ஏரியையும் கிழக்கே வைத்துக்கொண்டு மேற்குக் கரையில் போய் நின்றான். வேலமரங்களுக்கு நடுவே புல் நன்றாகச் சமமாக இருந்ததாம்.

ஆறு மணிக்கு இங்க்ரிட்டும் நானும் ஏரிக்கரை மேட்டில் ஏறினோம். தூரத்தில் அந்த வெண்மை தெரிந்ததும் அவர் என் தோளில் அடித்தார். மூட்டுவலிக்காரர் சரிவில் ஓடினார். புல்மேல் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. அரைவெளிச்சத்தில் அவர் காட்டிய படத்தைப் போலவே இருந்தது. எனக்கே ஒரு நொடி நம்பத் தோன்றியது. வேலமரத்துக்கு அப்பால் குட்டியானையின் பின்பக்கம் தெரிந்தது. அதன் மறைவிலிருந்து சாதிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

இங்க்ரிட் மண்டியிட்டார். முதலில் வெப்பமானியை நீட்டிப் பிடித்துப் படித்தார். பத்தொன்பது டிகிரி. பிறகு இரண்டு விரலால் கொஞ்சம் வெண்மையை எடுத்து உருட்டினார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். மீன்காரர் வீட்டுப் பெண் அவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. புல்லிலிருந்து எதையோ நகத்தால் நிமிண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். வெள்ளிப் பொட்டு மாதிரி ஒரு செதில்.

"இது என்ன மீன்?"

"காரப்பொடி" என்றேன்.

ஊர் நாய்கள் மூன்று அதற்குள் வந்து புல்லை நக்கத் தொடங்கியிருந்தன. கொக்குகளும் இறங்கின. சாதிக் பெட்டியைக் கழுவாமலே அரைத்து நிரப்பியிருக்கிறான்.

இதைப் போன்ற கட்டுரைகளில் வெள்ளைக்காரர்கள் இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிடுவார்கள். இங்க்ரிட் சிரிக்கவில்லை. "சொல்" என்றார். சொன்னேன். அகராதியில் இருந்த ஐந்து சொற்கள், அவற்றில் நான் தேர்ந்தெடுத்தது, முதலாளி, அம்மா, பர்மனென்ட், எல்லாம்.

"ஐந்துக்கும் உங்களிடம் ஒரே சொல்லா?"

"ஒரே சொல்தான். நாங்கள் பார்ப்பது ஒன்றைத்தானே."

"சொல்லைத் தப்பாக எழுதினாய். அது தவறு, யாரும் செய்வார்கள். அதற்கு ஐஸ் வாங்கினாய் பார், அது பொய். இரண்டும் வேறு வேறு." பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "உறைபனி போயிற்று. தனிமை என்றும் எழுதியிருந்தாய். அதையாவது கொடு. எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரோரமாகப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

எல்லோரும் என்றால் யார் என்று திரும்பிப் பார்த்தேன். மேட்டின்மேல் எதிர்வீட்டு ஏழுமலை அண்ணன் தலைமையில் ஏழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பாட்டில்.

நான் மேடேறினேன். "இன்னாடா வேலு, யார்ரா இது? நம்ம எடத்துல உக்காந்துகினு கீது?" என்றார் ஏழுமலை அண்ணன்.

"வெளிநாடுண்ணா. தனிமை வேணுமாம்."

"எங்களுக்கு வாணாமா?"

"எப்ப எழுந்திரிக்கும்னு கேளுடா. அவசரம்" என்றார் இன்னொருவர்.

"ஷிஃப்டுக்குப் போவணும்டா பேஜாரு" என்று மூன்றாமவர் கால் மாற்றி நின்றார்.

"அவங்களுக்குத் தெரியாதுண்ணா. கொஞ்சம் பொறுங்க."

"பொறுக்கறதாடா இது?"

ஆனாலும் பொறுத்தார்கள். ஒருவரும் கீழே இறங்கவில்லை, ஒரு சத்தம் போடவில்லை. எட்டாவது ஆளாக நானும் அவர்களோடு நின்றேன். அப்போதுதான் ஏரியைப் பார்த்தேன்.

பிறந்ததிலிருந்து அந்த ஏரிக்குப் போய்வருகிறவன் நான்; குனிந்த தலையோடு போய்க் குனிந்த தலையோடு வந்தவன். தண்ணீரிலிருந்து பனி எழுந்து அதன்மேலேயே படுத்துக்கொண்டிருந்தது. எதிர்க்கரை இல்லை. நடுவில் நின்ற கருவேலங்களுக்கு அடிமரம் இல்லை. கிளைகள் மட்டும் மிதந்தன. சூரியன் பனிக்குள் வந்தபோது வட்டமாக, கண் கூசாமல், நேராகப் பார்க்கும்படி இருந்தது. ஐஸ் கரைந்த இடத்தைத் தவிர்த்து மிச்சக் கரை முழுக்க ஒவ்வொரு புல்நுனியிலும் ஒரு சொட்டு. ஒவ்வொரு சொட்டுக்குள்ளும் தலைகீழாக அந்தச் சூரியன். அதற்கு ஒரு பைசா ஐஸ் தேவைப்படவில்லை. அதை நான் எழுதியிருக்கலாம்.

"நல்லாதான்டா கீது" என்றார் ஏழுமலை அண்ணன், தொடைகளை இறுக்கிக்கொண்டு. "இத்தினி நாளு கவனிக்கல."

ஏறக்குறைய அரைமணி நேரம். இங்க்ரிட் எழுந்து மேடேறி வந்தார். குல்லாயின் கம்பளி முழுக்கப் பனி. முத்து முத்தாக நின்றது. ஏழு பேரையும் பார்த்து, காத்திருந்ததற்காகத் தலை தாழ்த்தி வணங்கினார். அவர்கள் பதில் வணக்கம் சொல்ல நிற்கவில்லை.

"அவர்களும் அழகைப் பார்க்கவா வந்தார்கள்?" என்று கேட்டார்.

அன்றைக்கு இன்னொரு பொய் வேண்டாம் என்றிருந்தது. சொல்லிவிட்டேன். அவர் சரிவைத் திரும்பிப் பார்க்கப் போனார். பாதியில் கழுத்தை நிறுத்திக்கொண்டார். அம்மா காலி செய்து கொடுத்த கழிப்பறையையும் எட்டுக் குடத்தையும் நினைத்திருப்பார் போலிருக்கிறது. "அப்படியானால் இது எங்கள் பந்தயத்தைவிட அவசரமான விஷயம்" என்றார். பிறகுதான் சிரித்தார். அப்போதும் கொஞ்சம்தான்.

வீட்டுக்கு வந்து காபி குடித்தபடி சொன்னார்: "நான் இப்படித்தான் எழுதுவேன். உறைபனி கிடையாது, இருந்தது மீன் ஐஸ், அதுவும் முதல் தரம். பனி உண்டு, அது அற்புதம். பத்து மணிக்குப் போடப்போகிறேன். அதற்குள் உன் பக்கத்தில் நீ எழுதியதை நீயே திருத்திவிட்டால், திருத்தப்பட்டது என்றும் எழுதுவேன்."

எட்டரை மணிக்கு முதலாளிக்குப் போன் போட்டேன். முழுவதும் சொன்னேன்.

"ஐஸு போட்ட ஐடியா யாருது?"

"சாதிக்கோடதுண்ணா. ஒத்துக்கினது நானு."

"அவன் கில்லாடிடா. கூட்டினு வா அவன. அந்தம்மா ஒண்ணு எழுதுனா எழுதட்டும். மெட்ராஸுக்காரன் மீன் வாசன கண்டானா? பொட்டிய கழுவிட்டுப் போட்டா முடிஞ்சிது. தம்பி, தெனம் ரெண்டு பொட்டி. அத நீ பாத்துக்க. இன்னிலேர்ந்து நீ பர்மனென்ட்டு."

அந்த ஒரு சொல்லுக்காக நான் எவ்வளவோ ஏங்கியிருக்கிறேன். அது வந்தபோது இப்படி வந்தது.

"இல்லண்ணா. ஃப்ராஸ்ட எடுத்துடறேன்."

"எடுத்தீன்னா இந்தப் பக்கம் வராத."

எடுத்துவிட்டேன். கைப்பேசியிலேயே, வாசல்படியில் உட்கார்ந்து. 'காலையில் பனிமூட்டமும் பனித்துளியும் இருக்கும், எட்டு மணிக்குள் போய்விடும், கரையில் ஊர்க்காரர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு முன்னுரிமை' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். இந்த முறை அகராதியில் ஒவ்வொரு சொல்லையும் படத்தோடு பார்த்தேன். பத்து மணிக்கு இங்க்ரிட் மூன்று ஸ்டார் போட்டார். பந்தயத்தில் தோற்றுவிட்டதாகத் தம்பிக்கும் செய்தி அனுப்பினார். சாதிக்கின் குட்டியானையில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஐஸை எப்படி அரைத்தான் என்று சைகையில் கேட்டுக்கொண்டே செங்கல்பட்டுக்குப் போனார். என்னிடம் கைகொடுத்தபோது நேற்றைவிட அழுத்தமாகக் குலுக்கினார்.

அதன்பிறகுதான் ஏரிக்குப் போனேன். அம்மாவும் மற்றவர்களும் ஏரிக்குத் தண்ணீர் வரும் வரத்துக் கால்வாயில் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அம்மா மண்வெட்டியை ஊன்றிவிட்டுத் தனியாக வந்தார்.

"இன்னாடா, மொகம் ஒரு மாரி கீது?"

"வேல போய்டுச்சும்மா."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். பின்னால் திரும்பி நாற்பது பேரையும் ஒருமுறை பார்த்தார். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"திருடினியா?"

"இல்ல. திருட வாணாம்னுதான் வந்துட்டேன்."

"செரி." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "சாயந்திரம் வரிக்கும் வாயத் தொறக்காத. வேல முடிஞ்சி போம்போது நானே சொல்லிக்கறேன். இப்ப சொன்னா பொழுதன்னிக்கும் அதையே பேசி மண்ணு வெட்ட வுட மாட்டாளுங்க."

திரும்பிப் போய் மண்வெட்டியை எடுத்தார். பக்கத்தில் இருந்த பெண் ஏதோ கேட்டது காதில் விழவில்லை. அம்மாவின் பதில் ஏரிக்கே கேட்டது.

"ஆமா, பர்மனென்ட்டுதான். லீவு குடுத்து அனுப்பிகீறாங்க. நீ சட்டியப் புடி."